ஆண்டுக்கு 4,000 கி.மீ. மட்டுமே ஓடும் பழைய பிக்கப் வாகனத்துக்கு எந்த என்ஜின் ஆயில்? கிலோமீட்டரைவிட காலண்டர் முக்கியமாவது ஏன்?

சிம்லா: இமாச்சலப் பிரதேசத்தின் ஆப்பிள் தோட்டங்களில் ஜூலை மாதம் சூடுபிடிக்கும் அறுவடை, அக்டோபர் மாதத்துக்குள் ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. அந்த மூன்று, நான்கு மாதங்களில் கோட்கை, ஜுப்பல், ரோஹ்ரு, நார்க்கண்டா மலைச் சாலைகளில் ஆப்பிள் பெட்டிகளுடன் ஓடிக்கொண்டிருக்கும் பிக்கப் வாகனங்கள், பனிக்காலம் வந்ததும் வீட்டு முற்றத்திலோ தகரக் கொட்டகையிலோ நிறுத்தப்படுகின்றன. அடுத்த கோடை வரை உரம், மருந்து, காய்கறி என்று எப்போதாவது ஒரு நடை. அவ்வளவுதான்.

இப்படிப் பயன்படும் ஒரு வாகனத்துக்கு 12 வயது ஆகியிருக்கும். ஆனால், அதன் ஓடோமீட்டர் 50,000 கி.மீ.யைக்கூடத் தொட்டிருக்காது. ஆக்ராவில் உருளைக்கிழங்குக் குளிர்பதனக் கிடங்கை நம்பி ஓடும் வாகனம், ராஜஸ்தானில் திருமண சீசனில் மட்டும் பந்தல் சாமான் ஏற்றும் வாகனம் ஆகியவற்றின் கதையும் இதுதான். வயதில் முதிர்ந்த, ஓட்டத்தில் குறைந்த இத்தகைய வாகனங்களுக்கு என்ஜின் ஆயில் தேர்ந்தெடுக்கும்போது உரிமையாளர்களுக்கு வழக்கமாக இரண்டு ஆலோசனைகள் கிடைக்கின்றன. 'பழைய வண்டிதானே, கெட்டியான ஆயிலாக ஊற்றுங்கள்' என்பது ஒன்று. 'குறைவாகத்தானே ஓடியிருக்கிறது, அடுத்த ஆண்டு மாற்றிக்கொள்ளலாம்' என்பது மற்றொன்று. இரண்டுமே பெரும்பாலும் தவறான ஆலோசனைகள். முதலாவது தவறினால் ஏற்படும் இழப்பு சிறியது. இரண்டாவது தவறு என்ஜினையே பழுதாக்கக்கூடியது.

அறுவடையின் நடுவில் என்ஜின் பழுதாகி நின்றால், இழப்பு பழுதுபார்ப்புச் செலவுடன் முடிவதில்லை. பறித்த பழம் காத்திருக்காது. மண்டியின் விலையும் காத்திருக்காது. மேலும், மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி 8 ஆண்டுகளைக் கடந்த சரக்கு வாகனங்கள் ஒவ்வோர் ஆண்டும் தகுதிச் சான்று பெற வேண்டும். ஆயிலை எரித்து நீலப்புகை கக்கும் என்ஜினுடன் அந்தப் பரிசோதனையைக் கடப்பது எளிதல்ல.

நிற்கும் என்ஜினுக்குள் நடப்பது என்ன?

ஒரு லிட்டர் டீசல் எரியும்போது ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உருவாகிறது. கேட்பதற்கு வியப்பாக இருந்தாலும் இது அடிப்படை வேதியியல். டீசலில் உள்ள ஹைட்ரஜன், காற்றில் உள்ள ஆக்சிஜனுடன் சேர்வதன் விளைவு. இந்தத் தண்ணீரின் பெரும்பகுதி ஆவியாகப் புகைக்குழாய் வழியே வெளியேறிவிடுகிறது. ஆனால், ஒரு சிறு பகுதி எரிவாயுக்களுடன் சேர்ந்து பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கி, என்ஜினின் அடித்தொட்டியில் உள்ள ஆயிலுடன் கலக்கிறது. அதனுடன் கரித்துகளும், எரியாத டீசலும், அமிலத் தன்மை கொண்ட வாயுக்களும் சேர்ந்துகொள்கின்றன.

நெடுஞ்சாலையில் நாள்தோறும் 300 கி.மீ. ஓடும் லாரிக்கு இது பெரிய பிரச்சினை அல்ல. ஆயில் நன்கு சூடேறி, 90 டிகிரி செல்சியஸுக்கு மேல் நீண்ட நேரம் நீடிக்கும்போது, கலந்த தண்ணீரும் டீசலின் ஒரு பகுதியும் ஆவியாகி வெளியேறிவிடும். தோட்டத்தில் இருந்து சாலையோரச் சேகரிப்பு மையத்துக்கு 4 கி.மீ., அதுவும் இறக்கத்தில், செல்லும் பிக்கப் வாகனத்துக்கு அந்த வாய்ப்பு இல்லை. சுமையுடன் மலையிறங்கும்போது என்ஜினுக்கு வேலை மிகக் குறைவு; எனவே சூடும் குறைவு. டேஷ்போர்டில் வெப்பமானியின் முள் நடுப்பகுதிக்கு வந்துவிட்டதே என்று ஓட்டுநர் நினைக்கலாம். அது காட்டுவது ரேடியேட்டர் தண்ணீரின் வெப்பத்தை. ஆயில் சூடேற அதைவிடக் கூடுதல் நேரம் பிடிக்கும்.

இவ்வாறு தண்ணீரும் அமிலமும் தேங்கிய ஆயிலுடன் வாகனம் நவம்பரில் நிறுத்தப்பட்டால், அடுத்த ஐந்து மாதங்கள் அந்தக் கலவை பேரிங் பரப்புகளிலும் சிலிண்டர் சுவரிலும் தங்கித் தன் வேலையைச் செய்கிறது. அமிலத்தை முறிப்பதற்காக ஆயிலில் காரச் சேர்மங்கள் சேர்க்கப்பட்டிருக்கும். ஆனால், அவை செலவாகித் தீரக்கூடியவை. தீர்ந்த பிறகு துருவும் அரிப்பும் தொடங்கும். இதில் கிலோமீட்டருக்கு எந்தப் பங்கும் இல்லை. வாகன உற்பத்தியாளர்களின் கையேடுகளில் ஆயில் மாற்றும் இடைவெளியைக் குறிப்பிடும்போது கிலோமீட்டர், மாதம் ஆகிய இரண்டையும் தந்து, 'எது முதலில் வருகிறதோ அது' என்று எழுதியிருப்பதன் காரணம் இதுவே. குறைவாக ஓடும் வாகனத்தில் எப்போதும் முதலில் வருவது மாதம்தான்.

ஓடோமீட்டர் சொல்லாத இன்னொரு கணக்கும் இருக்கிறது. மண்டி வாசலில் மணிக்கணக்கில் வரிசையில் நிற்கும்போது பல ஓட்டுநர்கள் என்ஜினை அணைப்பதில்லை. வாகனம் நகராததால் கிலோமீட்டர் கூடாது. ஆனால், என்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். அதுவும் அரைகுறைச் சூட்டில், கரித்துகள் அதிகம் சேரும் நிலையில். அமெரிக்காவின் ஃபோர்டு நிறுவனம், பராமரிப்புக் கணக்கில் ஒரு மணி நேரம் என்ஜினை நின்ற நிலையில் ஓடவிடுவதைச் சுமார் 25 மைல், அதாவது 40 கி.மீ. ஓட்டத்துக்கு இணையாகக் கருதுகிறது. அந்தக் கணக்கின்படி, ஒரு சீசனில் 100 மணி நேரம் வரிசையில் நின்ற வாகனம், மீட்டரில் பதிவாகாமல் 4,000 கி.மீ. ஓடியதற்குச் சமம்.

இந்த இடத்தில் மலைப் பகுதிகளில் பரவலாக உள்ள ஒரு பழக்கத்தையும் குறிப்பிட வேண்டும். குளிர்காலத்தில் நிறுத்தி வைத்த வாகனத்தை வாரம் ஒருமுறை ஸ்டார்ட் செய்து, ஐந்து அல்லது பத்து நிமிடங்கள் ஓடவிட்டு அணைத்துவிடுகிறார்கள். பேட்டரி இறங்கிவிடக் கூடாது என்ற அக்கறையில் செய்யப்படும் இந்தக் காரியம், ஆயிலைப் பொறுத்தவரை தீங்கானது. ஒவ்வொரு முறையும் புதிதாகத் தண்ணீர் சேர்கிறது. அதை விரட்டும் அளவுக்குச் சூடு மட்டும் உண்டாவதில்லை. ஸ்டார்ட் செய்வதாக இருந்தால், குறைந்தது அரை மணி நேரம் சாலையில் ஓட்டிவிட்டு வர வேண்டும். இல்லையெனில், பேட்டரியின் இணைப்பைக் கழற்றிவிட்டு வாகனத்தை அப்படியே விட்டுவிடுவது நல்லது.

வயது வேறு, தேய்மானம் வேறு

பழைய வாகனத்துக்குக் கெட்டியான ஆயில் என்ற ஆலோசனையில் ஒரு நியாயம் உண்டு. இரண்டு, மூன்று லட்சம் கிலோமீட்டர் ஓடித் தேய்ந்த என்ஜினில் பேரிங் இடைவெளிகள் விரிந்திருக்கும். ஆயில் அழுத்தம் குறையும். அங்கே 15டபிள்யூ-40 ஆயிலுக்குப் பதிலாக 20டபிள்யூ-50 ஊற்றினால் அழுத்தம் சற்று உயர்ந்து, ஆயில் குடிப்பதும் ஓரளவு குறையலாம்.

ஆனால், 48,000 கி.மீ. மட்டுமே ஓடிய என்ஜினில் அந்தத் தேய்மானம் ஏற்பட்டிருக்காது. அதன் இடைவெளிகள் ஏறக்குறைய தொழிற்சாலையில் இருந்து வந்த அளவிலேயே இருக்கும். அதில் கெட்டியான ஆயிலை ஊற்றினால், காலைக் குளிரில் அது மேலே ஏறி பேரிங்குகளையும் டர்போசார்ஜரையும் சென்றடையக் கூடுதல் நேரமாகும். என்ஜின் தேய்மானத்தில் கணிசமான பங்கு நிகழ்வது இந்த முதல் சில விநாடிகளில்தான். நீண்ட நாள் நின்ற வாகனத்தில் பழைய ஆயில் படலமும் வடிந்து போயிருக்கும் என்பதால், விரைவாகப் பாயும் ஆயிலே அதற்குத் தேவை.

வயதினால் உண்மையில் பாதிக்கப்படுபவை ரப்பர் சீல்கள். ஓடினாலும் ஓடாவிட்டாலும் அவை இறுகும், சுருங்கும். கிராங்க் ஷாஃப்ட்டின் முனைகளில் கசிவு தெரிந்தால் அதற்குத் தீர்வு சீலை மாற்றுவது. ஆயிலைக் கெட்டியாக்குவது அல்ல.

கேனில் உள்ள எண்கள் கூறுவது என்ன?

ஆயில் கேனில் பெரிய எழுத்தில் உள்ள 15டபிள்யூ-40 போன்ற குறியீட்டை அமெரிக்காவைத் தலைமையிடமாகக் கொண்ட எஸ்ஏஇ என்ற வாகனப் பொறியாளர் அமைப்பு வகுத்துள்ளது. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் உள்ள எண், குளிரில் ஆயில் எவ்வளவு எளிதாகப் பாயும் என்பதைக் காட்டுகிறது. எண் சிறிதாக இருந்தால் குளிரில் இளக்கம் அதிகம். பின்னால் உள்ள எண், என்ஜின் சூடான பிறகு ஆயிலுக்கு உள்ள பாகுத்தன்மையைக் காட்டுகிறது. 100 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் அது அளவிடப்படுகிறது.

15டபிள்யூ ரக ஆயில்கள், ஸ்டார்ட் ஆகும் தன்மைக்காக மைனஸ் 20 டிகிரியிலும், பம்ப் இழுக்கும் தன்மைக்காக மைனஸ் 25 டிகிரியிலும் பரிசோதிக்கப்படுகின்றன. 10டபிள்யூ, 5டபிள்யூ ரகங்களுக்கு இந்த வரம்பு ஐந்தைந்து டிகிரி கீழே இறங்குகிறது. இதை மனதில் வைத்துக்கொண்டு வரைபடத்தைப் பார்த்தால் முடிவெடுப்பது எளிதாகும். சிம்லாவில் குளிர்கால இரவுகளின் வெப்பநிலை பெரும்பாலும் பூஜ்ஜியத்தை ஒட்டியே இருக்கிறது. அங்கே 15டபிள்யூ-40 தாராளமாகப் போதும். 5டபிள்யூ என்ற எழுத்துக்காகக் கூடுதல் விலை கொடுப்பதில் பெரிய பயன் இல்லை.

லாஹவுல் பள்ளத்தாக்கின் கேலாங் வேறு. சுமார் 3,000 மீட்டர் உயரத்தில் உள்ள அங்கு ஜனவரி இரவுகளில் மைனஸ் 10 டிகிரிக்குக் கீழே செல்வது புதிதல்ல. 2020-ம் ஆண்டு அக்டோபரில் திறக்கப்பட்ட அடல் சுரங்கப்பாதை, முன்பு பனியால் மாதக்கணக்கில் துண்டிக்கப்பட்டிருந்த இப்பகுதியில் குளிர்காலத்திலும் வாகனம் ஓடும் நிலையை உருவாக்கியுள்ளது. அங்கும் லடாக்கிலும் காலையில் வாகனத்தை எடுக்க வேண்டியவர்களுக்கு 10டபிள்யூ-40 அல்லது 5டபிள்யூ-40 ஆயிலுக்குச் செலவிடும் பணம் வீணாகாது. அத்தகைய குளிரில் ஆயிலுக்கு முன்பே டீசல் உறைந்துவிடக்கூடும் என்பதால்தான், லடாக் பகுதிக்காக மைனஸ் 33 டிகிரி வரை உறையாத சிறப்புக் குளிர்கால டீசலை இந்தியன் ஆயில் நிறுவனம் 2019-ம் ஆண்டு நவம்பரில் அறிமுகம் செய்தது.

இங்கு கவனிக்க வேண்டியது, முன்னால் உள்ள எண்ணை மாற்றினாலும் பின்னால் உள்ள 40 மாறவில்லை என்பது. கையேடு 40 என்று கூறும் பழைய டீசல் என்ஜினில், எரிபொருள் மிச்சமாகும் என்ற விளம்பரத்தை நம்பி 5டபிள்யூ-30 ஊற்றுவது சரியல்ல. முழுச் சுமையுடன் ஏற்றத்தில் திணறும்போது பேரிங்குக்கும் தண்டுக்கும் இடையே இருக்க வேண்டிய ஆயில் படலம் அதில் மெலிந்துவிடும். எஸ்ஏஇ தரநிலையின்படி, 150 டிகிரி வெப்பத்திலும் கடும் அழுத்தத்திலும் 15டபிள்யூ-40 ஆயிலுக்கு இருக்க வேண்டிய குறைந்தபட்சப் பாகுத்தன்மை 3.7 அலகு, 30 ரகத்துக்கு 2.9 அலகு மட்டுமே. 40 ரகத்துக்காக வடிவமைக்கப்பட்ட என்ஜினில் இந்த வேறுபாட்டைப் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது.

சிஎஃப்-4 முதல் சிகே-4 வரை

கேனின் பின்புறத்தில் சிறிய எழுத்தில் உள்ள மற்றொரு குறியீட்டைப் பலர் பார்ப்பதே இல்லை. உண்மையில், ஆயிலின் தரத்தை அதுவே தீர்மானிக்கிறது. அமெரிக்க பெட்ரோலிய நிறுவனமான ஏபிஐ வழங்கும் தரப்பிரிவு அது. 'எஸ்' எழுத்தில் தொடங்குபவை பெட்ரோல் என்ஜினுக்கும், 'சி' எழுத்தில் தொடங்குபவை டீசல் என்ஜினுக்கும் உரியவை. டீசல் பிரிவில் சிஎஃப்-4 என்பது 1990-ம் ஆண்டு வந்த தரம். அதன்பிறகு 1998-ல் சிஎச்-4, 2002-ல் சிஐ-4, 2006-ல் சிஜே-4, 2016 டிசம்பரில் சிகே-4 என்று படிப்படியாக மேம்படுத்தப்பட்டுள்ளது.

டாடா 207, மஹிந்திரா பொலேரோ பிக்கப், 2005-ல் அறிமுகமான டாடா ஏஸ், 2011-ல் வந்த அசோக் லேலண்ட் தோஸ்த் போன்ற வாகனங்களின் பழைய மாடல்கள் இந்தப் படிகளில் எங்கே நிற்கின்றன என்பது, அவை எந்த பாரத் ஸ்டேஜ் விதியின் கீழ் தயாரிக்கப்பட்டன என்பதைப் பொறுத்தது. பொதுவாக, பிஎஸ்-3 காலத்து எளிய என்ஜின்களுக்கு சிஎஃப்-4 அல்லது சிஎச்-4 போதுமானதாக இருந்தது. புகையின் ஒரு பகுதியை மீண்டும் என்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் அமைப்பும், காமன் ரெயில் முறையும் வந்த பிறகு ஆயிலில் சேரும் கரித்துகளின் அளவு கூடியது. சிஐ-4 தரம் உருவாக்கப்பட்டதே இத்தகைய என்ஜின்களுக்காகத்தான்.

விதி இதுதான்: கையேட்டில் உள்ள தரத்துக்குக் கீழே இறங்கக் கூடாது, மேலே செல்லலாம். ஏபிஐ அமைப்பின் கூற்றுப்படி, சிஎச்-4, சிஐ-4, சிஜே-4 ஆகியவை கேட்கப்படும் என்ஜின்களில் சிகே-4 ஆயிலைப் பயன்படுத்தலாம். விதிவிலக்கு, சிகே-4 தரத்துடன் ஒரே நேரத்தில் வந்த எஃப்ஏ-4. இது மெலிந்த ரகம். பழைய என்ஜின்களுக்கு ஏற்றதல்ல.

புதிய தர ஆயில்களில் அமிலத்தை முறிக்கும் காரச் சேர்மங்கள் குறைவு என்பதால் பழைய என்ஜின்களுக்கு அவை ஆகாது என்ற கருத்து மெக்கானிக்குகளிடையே உண்டு. ஒரு காலத்தில் அது சரியான எச்சரிக்கை. அன்றைய டீசலில் கந்தகம் அதிகம். கந்தகம் எரிந்தால் அமிலம். பிஎஸ்-3 டீசலில் 350 பிபிஎம் வரை கந்தகம் அனுமதிக்கப்பட்டது. 2017 ஏப்ரலில் நாடு முழுவதும் பிஎஸ்-4 நடைமுறைக்கு வந்தபோது அது 50 பிபிஎம் ஆகவும், 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 வந்தபோது 10 பிபிஎம் ஆகவும் குறைந்தது. 2010-ல் தயாரான வாகனமாக இருந்தாலும் இன்று அதன் டேங்கில் நிரப்பப்படுவது 10 பிபிஎம் டீசல்தான். கையேட்டை எழுதியவர்கள் கண்ட எரிபொருளைவிட அது பல மடங்கு தூய்மையானது. எனவே, அந்தப் பழைய அச்சத்துக்கு இப்போது அடிப்படை இல்லை.

எதிர்த்திசையில் செல்வதுதான் ஆபத்து. பிஎஸ்-6 டீசல் வாகனங்கள் பெரும்பாலானவற்றில் புகைக்குழாயில் டிபிஎஃப் எனப்படும் துகள் வடிகட்டி உள்ளது. ஆயிலில் உள்ள உலோகச் சேர்மங்கள் எரியும்போது சாம்பலாகி இந்த வடிகட்டியில் படிகின்றன. கரித்துகளை எரித்து அகற்ற முடியும்; சாம்பலை எரிக்க முடியாது. அதனால்தான் சிஜே-4, சிகே-4 தரங்களில் சாம்பலின் அளவு 1 சதவீதத்துக்கு மிகாமல் கட்டுப்படுத்தப்பட்டுள்ளது. 2020-ல் வாங்கிய பிக்கப் வாகனமும் இப்போது பழைய வண்டி என்று அழைக்கப்படும் நிலைக்கு வந்துகொண்டிருக்கிறது. 'பழைய வண்டிக்கு' என்று கேட்டு வாங்கிய சிஎஃப்-4 அல்லது சிஐ-4 ஆயிலை அதில் ஊற்றினால் அடைபடுவது மிக விலை உயர்ந்த ஓர் உதிரிபாகம். அத்தகைய வாகனங்களுக்குக் கையேடு குறிப்பிடும் குறைந்த சாம்பல் ஆயில் தவிர வேறெதுவும் கூடாது. அது 5டபிள்யூ-30 என்றால் 5டபிள்யூ-30 தான்.

ஒரே பீப்பாயில் இருந்து எல்லாவற்றுக்கும்?

பஞ்சாப், ஹரியாணா, மேற்கு உத்தரப் பிரதேசக் கிராமங்களில் டிராக்டர், பம்ப்செட், பிக்கப் மூன்றுக்கும் ஒரே பீப்பாயில் இருந்து ஆயில் எடுத்து ஊற்றுவது சாதாரணக் காட்சி. டர்போ இல்லாத பழைய நேரடி ஊசி என்ஜினாக இருந்து, பீப்பாயில் இருப்பது கையேடு கேட்கும் தரத்திலான 15டபிள்யூ-40 ஆயிலாகவும் இருந்தால் இதில் தவறில்லை. ஆனால், டிராக்டரின் கியர் பெட்டி, ஹைட்ராலிக், ஈர பிரேக் ஆகியவற்றுக்கான பொது ஆயில் என்பது முற்றிலும் வேறு பொருள். நிறத்தையும் பிசுபிசுப்பையும் பார்த்து அதை என்ஜினில் ஊற்றிவிடுவது நடக்கிறது. பெட்ரோல் காருக்கான ஆயிலும் அப்படியே. கேனில் 'எஸ்' குறியீடு மட்டும் இருந்தால் அது டீசல் பிக்கப்புக்கு உரியதல்ல.

மினரலா, சிந்தெட்டிக்கா என்ற கேள்விக்கு நீண்ட விளக்கம் தேவையில்லை. கடும் குளிரிலும் டர்போவின் கடும் சூட்டிலும் சிந்தெட்டிக் ஆயில் சிறப்பாகச் செயல்படும் என்பது உண்மை. ஆனால், அதில் சேரும் தண்ணீரும் டீசலும் மினரல் ஆயிலில் சேரும் அதே அளவுதான். குறைவாக ஓடும் வாகனத்தில் சிந்தெட்டிக் ஊற்றிவிட்டு மூன்று ஆண்டுகள் மாற்றாமல் இருப்பதைவிட, சரியான தரமுள்ள மினரல் ஆயிலை ஆண்டுதோறும் ஃபில்டருடன் மாற்றுவது மேல். சிந்தெட்டிக் ஊற்றினால் பழைய என்ஜின் கசியும் என்று கூறப்படுவதும் இன்றைய ஆயில்களுக்குப் பொருந்தாது; கசிந்தால் சீல் ஏற்கெனவே கெட்டிருக்கிறது என்று பொருள். தனியாக விற்கப்படும் ஆயில் சேர்க்கைத் திரவங்களுக்கு அவசியமே இல்லை.

போலி ஆயில் குறித்த எச்சரிக்கை மட்டும் தவிர்க்க முடியாதது. முன்னணி நிறுவனங்களின் காலி கேன்களைச் சேகரித்து, அவற்றில் தரமற்ற ஆயிலை நிரப்பி விற்கும் கும்பல்கள் பல மாநிலங்களில் பிடிபட்டுள்ளன. மூடியின் முத்திரை, அதன் உள்ளே உள்ள படலம், கியூஆர் குறியீடு, உற்பத்தித் தேதி ஆகியவற்றைப் பார்த்து வாங்க வேண்டும். தொலைதூர மலைக் கடைகளில் நீண்ட காலமாகத் தேங்கிய சரக்கு இருப்பதும் உண்டு. திறக்காத கேன் பொதுவாக 5 ஆண்டுகள் வரை நல்ல நிலையில் இருக்கும். ஆயிலை ஊற்றிய பிறகு காலி கேனைக் கத்தியால் கிழித்துவிட்டால், அது மீண்டும் நிரப்பப்பட்டு வேறொருவரிடம் வராது.

வரலாறு தெரியாத வாகனம்

டெல்லி தேசியத் தலைநகர் வலயத்தில் 10 ஆண்டுகளைக் கடந்த டீசல் வாகனங்களுக்கு எதிராக தேசிய பசுமைத் தீர்ப்பாயம் 2015-ல் பிறப்பித்த உத்தரவையும், அதை உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் உறுதி செய்ததையும் தொடர்ந்து, அங்கிருந்து தடையின்மைச் சான்றுடன் பிற மாநிலங்களுக்கு விற்கப்பட்ட வாகனங்கள் ஏராளம். இவ்வாறு கைமாறி வந்த பிக்கப்பில் முன்பு என்ன ஆயில் இருந்தது, எப்போது மாற்றப்பட்டது என்று எவருக்கும் தெரியாது. மீட்டர் காட்டும் குறைந்த கிலோமீட்டரையும் அப்படியே நம்ப முடியாது. பிரேக், கிளட்ச் பெடல்களின் ரப்பர் வழுவழுப்பாகத் தேய்ந்திருந்தால், அது 40,000 கி.மீ. ஓடிய வாகனமாக இருக்க வாய்ப்பில்லை.

அளவுக் குச்சியை உருவிப் பார்ப்பது இங்கே பல விவரங்களைச் சொல்லும். டீசல் என்ஜினில் ஆயில் சில நாட்களிலேயே கறுத்துவிடும் என்பதால் கறுப்பு நிறம் மட்டும் குறையல்ல. ஆனால், அளவு மேல் கோட்டைத் தாண்டியிருந்தாலும், நாளுக்கு நாள் உயர்ந்தாலும் அதில் டீசலோ ரேடியேட்டர் தண்ணீரோ கலக்கிறது. ஆயில் ஊற்றும் மூடியின் அடியில் மட்டும் பால் ஆடை போன்ற வெளுத்த படலம் இருந்தால், அது பெரும்பாலும் குறுகிய தூர ஓட்டத்தின் அடையாளம். ஒரு நீண்ட பயணத்தில் மறைந்துவிடும். குச்சியில் உள்ள ஆயிலே பால் கலந்த தேநீர் போல இருந்தால், ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கலாம். அந்த வாகனத்தை ஓட்டாமல் மெக்கானிக்கை அழைப்பதே வழி.

குறை ஏதும் தெரியாவிட்டாலும், வாங்கிய உடனே ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட வேண்டும். பல ஆண்டுகள் மாற்றப்படாத என்ஜினாகத் தோன்றினால், புதிய ஆயில் கழுவி இறக்கும் கசடு ஃபில்டரை விரைவில் நிரப்பிவிடும். எனவே, 1,000 கி.மீ. ஓட்டத்துக்குள் மீண்டும் ஒருமுறை மாற்றுவது பாதுகாப்பானது. இந்த இரண்டு மாற்றங்களுக்கும் விலை குறைந்த மினரல் ஆயிலே போதும்.

சீசன் முடிந்ததும் மாற்றுங்கள்

பெரும்பாலான உரிமையாளர்கள் சீசன் தொடங்கும் முன்பு, ஜூன் மாதத்தில் ஆயில் மாற்றுகிறார்கள். புதிய ஆயிலுடன் வேலையைத் தொடங்குவது நியாயமாகத் தோன்றும். ஆனால், வாகனம் மாதக்கணக்கில் நிற்கப் போகிறது என்றால் அதற்கு முன்பு மாற்றுவதே சரி. ஆப்பிள் சீசனில் சேர்ந்த கரியும் அமிலமும் தண்ணீரும் குளிர்காலம் முழுவதும் என்ஜினுக்குள் ஊறிக்கொண்டிருக்கக் கூடாது. கடைசி நடை முடிந்து வந்ததும், ஆயில் சூடாக இருக்கும்போதே வடித்துவிட வேண்டும்; அப்போதுதான் கசடும் சேர்ந்து இறங்கும். புதிய ஆயிலையும் ஃபில்டரையும் போட்ட பிறகு சில கிலோமீட்டர் ஓட்டினால், சுத்தமான ஆயில் எல்லாப் பரப்புகளிலும் படர்ந்துவிடும். பிறகு நிறுத்திக்கொள்ளலாம். அந்த ஆயில் அடுத்த சீசனுக்கும் அப்படியே உதவும். அளவு மேல் கோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொள்வது அவசியம். அதிகமாக ஊற்றினால் கிராங்க் ஷாஃப்ட் ஆயிலைக் கடைந்து நுரையாக்கும். நுரைக்கு மசகுத் திறன் இல்லை.

ஃபில்டர் வாங்கும்போது நிறுவன உதிரிபாகத்தையோ நம்பகமான மாற்றையோ தேர்ந்தெடுப்பதற்கு, நிற்கும் வாகனத்தில் கூடுதல் காரணம் உண்டு. என்ஜின் அணைந்ததும் ஆயில் முழுவதும் கீழே வடிந்துவிடாமல் தடுக்கும் சிறிய ரப்பர் வால்வு பல ஃபில்டர்களுக்குள் இருக்கிறது. மலிவான ஃபில்டரில் அந்த ரப்பர் விரைவில் இறுகிவிடும். ஐந்து மாதம் கழித்து ஸ்டார்ட் செய்யும்போது ஆயில் எச்சரிக்கை விளக்கு நீண்ட நேரம் அணையாமல் எரிவதற்கு இதுவும் ஒரு காரணம். விளக்கு அணையும் வரை ஆக்சிலரேட்டரை மிதிக்கக் கூடாது.

வடித்த ஆயிலை என்ன செய்வது என்பது இன்னும் சரியான விடை கிடைக்காத கேள்வி. மரக் கம்பங்களில் கரையானுக்குப் பூசுவதும், முற்றத்தின் ஓரத்தில் ஊற்றுவதும் பல இடங்களில் பழக்கமாக உள்ளது. மலையில் அது நேராக ஓடைக்குச் செல்கிறது. ஓடையில் இருந்து கீழே உள்ள கிராமத்தின் குடிநீருக்கு. அபாயகரக் கழிவுகள் மேலாண்மை விதிகள் 2016-ன் கீழ், பயன்படுத்திய ஆயில் அபாயகரக் கழிவாக வகைப்படுத்தப்பட்டுள்ளது. அதைத் திரும்பப் பெற்று மறுசுத்திகரிப்பதற்கு ஆயில் உற்பத்தி மற்றும் இறக்குமதி நிறுவனங்களைப் பொறுப்பாக்கும் திருத்தம் 2024 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. வீட்டில் ஆயில் மாற்றுபவர்கள், வடித்ததை மூடியுள்ள கேனில் சேர்த்து, அங்கீகரிக்கப்பட்ட மறுசுழற்சியாளருக்கு அனுப்பும் சர்வீஸ் மையத்தில் ஒப்படைக்கலாம். தண்ணீர், டீசல், பிரேக் ஆயில் எதையும் அதில் கலக்கக் கூடாது. கலந்தால் மறுசுத்திகரிப்புக்கு அது ஏற்கப்படாது.